கடலோடியின் முதற்பாடம்

நுழையும்முன்

கடலைக் காணாத தொழிற்பேட்டைகளில் உருவாகும் பொருள்களும் கடல்வழியாகவே அயல்நாடுகளைச் சென்றடைகின்றன. அவற்றைச் சுமந்து செல்லும் வணிகக் கப்பலில் முதன்முறையாகக் கால்வைக்கும் இளைஞர் எவற்றைக் கற்றிருக்க வேண்டும்? உடல்வலிமையும் துணிவும் மட்டும் போதுமா? இவ்வினாக்களுக்கு விடை தருகிறது இப்பாடம்.

கடலும் மேற்குப் புறநகரும்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகியவை சென்னையின் மேற்கே அமைந்த ஊர்கள். ஏரிகள் நிறைந்த இப்பகுதி கடற்கரையிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் உள்ளடங்கியது. இங்கு அலையோசை கேட்பதில்லை. ஆயினும் கடலுக்கும் இப்பகுதிக்கும் உள்ள உறவு நெருக்கமானது. 1964ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் உதிரிப்பாகங்களும், பூவிருந்தவல்லிக்கு அப்பால் திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் உருவாகும் மகிழுந்துகளும் சென்னை, எண்ணூர்த் துறைமுகங்களின் வழியே வெளிநாடு செல்கின்றன. நெடுஞ்சாலையில் இரவெல்லாம் வரிசையாகச் செல்லும் சரக்குப் பெட்டக லாரிகளே இவ்வுறவுக்குச் சான்று. உலக வணிகச் சரக்கின் அளவில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டது கப்பலில்தான் பயணம் செய்கிறது.

சரக்கோடு மனிதரும் செல்கின்றனர். தொழிற்பயிற்சி நிலையத்தில் பொருத்துநர், பற்றவைப்பவர் போன்ற பிரிவுகளில் பயின்றோரும் பள்ளிக்கல்வி முடித்தோரும் வணிகக் கப்பல் பணியை நாடுகின்றனர். இவர்களுள் பலர் ஏரியில் நீந்திப் பழகியவர், இயந்திரங்களுக்கு அஞ்சாதவர். ஆனால், கப்பல் என்பது ஏரியும் அன்று, தொழிற்சாலையும் அன்று. தொழிற்சாலையில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வரும். காயம்பட்டால் மருத்துவமனை அருகில் இருக்கும். கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கப்பலில், அதில் இருக்கும் இருபது, இருபத்தைந்து பேரே தீயணைப்போர், அவர்களே மருத்துவ உதவியாளர், அவர்களே காவலர். எனவேதான் கடற்பணிக்குச் செல்வோர் அனைவரும், சமையற்பணி செய்வோர் உட்பட, அடிப்படைத் திறன்களைக் கற்றே தீரவேண்டும் என்பது உலகளாவிய விதியாயிற்று.

மரபும் பயிற்சியும்

தமிழர் கடலுக்குப் புதியவர் அல்லர். கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலத்தில் ‘கட்டமரான்’ என வழங்குவதே அதற்குப் போதிய சான்று. மரங்களை ஆணியின்றிக் கயிற்றால் பிணைத்துக் கடலோடிய மரபு அது. அந்நாளில் கடற்கலை, தந்தையிடமிருந்து மகனுக்குக் கைமாறியது. நீராவிக் கப்பல்கள் வந்தபின் அம்முறை போதாதாயிற்று. 1906ஆம் ஆண்டு தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிய வ.உ.சிதம்பரனார் இதனை உணர்ந்திருந்தார். காலியா, லாவோ என்னும் கப்பல்களை வாங்கியதோடு அந்நிறுவனத்தின் நோக்கம் நிறைவுறவில்லை. கப்பலோட்டும் கலையையும் கப்பல் கட்டும் கலையையும் நம்மவர்க்குப் பயிற்றுவிப்பதும் அதன் குறிக்கோள்களுள் ஒன்றாக இருந்தது.

இன்று அப்பயிற்சி முறைப்படுத்தப்பட்டுள்ளது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 1978ஆம் ஆண்டு மாலுமிகளின் பயிற்சி, சான்றளிப்பு, காவற்பணி ஆகியவற்றுக்கான உடன்படிக்கையை உருவாக்கியது. அது 1995இலும், 2010இல் மணிலாவிலும் திருத்தப்பட்டது. இதன்படி, கப்பலேறும் முன்னர் ஒவ்வொருவரும் நான்கு பயிற்சிகளைப் பெறவேண்டும். கடலில் உயிர்பிழைக்கும் முறை, தீத்தடுப்பும் தீயணைப்பும், முதலுதவி, தற்பாதுகாப்பும் சமூகப் பொறுப்பும் என்பன அவை. கப்பற்காவல் குறித்த பயிற்சியும் உடன் அளிக்கப்படுகிறது. இந்தியாவில் இப்பயிற்சி நிலையங்களுக்கு ஏற்பு வழங்குவது மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககம். 2008ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் சென்னையை அடுத்த செம்மஞ்சேரியில் இயங்கிவருகிறது.

இத்திறன்கள் பலவாயினும் அவற்றின் அடிப்படை ஒன்றே. அறிதல், அறிவித்தல், ஆற்றுதல் என்னும் வரிசையை மீறாமையே அது. நிலத்தில் விரைந்து செயற்படுவோரை நாம் பாராட்டுகிறோம். கப்பலிலோ, அறியாமல் விரைபவர் தம்மையும் இழந்து பிறரையும் இழக்கச் செய்வார். பின்வரும் திறன்களில் இவ்வுண்மை தெளிவாகும்.

கயிறும் முடிச்சும்

புதிய மாலுமியின் கைக்கு முதலில் வருவது கயிறு. நான்கு முடிச்சுகளை அவர் கண்ணை மூடிக்கொண்டும் இடத்தெரிய வேண்டும். போலைன் என்பது, இழுத்தாலும் இறுகாத, நழுவாத கண்ணியைத் தருவது. நீரில் தத்தளிப்பவரின் உடலைச் சுற்றிக் கட்டி மேலே தூக்க இது உதவும். கம்பத்திலோ கைப்பிடிக் கம்பியிலோ கயிற்றை விரைந்து கட்டுவதற்குக் குளோவ் முடிச்சு. பருமன் வேறுபட்ட இரு கயிறுகளை இணைப்பதற்குச் ஷீட் முடிச்சு. கயிற்றின் நுனி துளையிலிருந்து உருவிவிடாமல் தடுப்பதற்கு எட்டு வடிவ முடிச்சு. நல்ல முடிச்சின் இலக்கணம் இரண்டு: சுமை ஏறும்போது அவிழக்கூடாது, வேலை முடிந்தபின் எளிதில் அவிழ வேண்டும்.

கப்பலைத் துறைமுகத்தில் கட்டும்போது கயிற்றின் மற்றொரு முகம் வெளிப்படும். முன்பகுதியிலிருந்து முன்னோக்கியும், பின்பகுதியிலிருந்து பின்னோக்கியும், குறுக்காகவும், கப்பல் முன்னும் பின்னும் நகராதவாறு சாய்வாகவும் கயிறுகள் கரையில் உள்ள இரும்புத் தூண்களுக்குச் செல்கின்றன. நைலான் கயிறு இழுபடும்போது நீளும் தன்மையுடையது. நீளும்போது வில்லைப்போல ஆற்றலைச் சேமிக்கிறது. தாங்கும் அளவைக் கடந்து அறுந்தால், சேமித்த ஆற்றல் முழுதும் ஒரே நொடியில் விடுபட்டுக் கயிற்றின் நுனிகள் சாட்டையைப்போலப் பின்னோக்கிப் பாயும். மனிதர் கண்டு விலகுவதற்கு நேரம் இராது. காலை முறிக்கவும் உயிரைப் பறிக்கவும் வல்லது அவ்வடி.

ஆதலால் இறுகிய கயிற்றின் நேர்கோட்டிலும், அது வளைந்து திரும்பும் இடத்தின் உட்புறத்திலும் நிற்கலாகாது. தரையில் கிடக்கும் கயிற்று வளையத்துக்குள் கால்வைத்தலும் கூடாது. கயிறு ஓடத் தொடங்கினால் கால் அதனோடு செல்லும். முடிச்சிடக் கற்பதற்கு ஒருவாரம் போதும். எங்கே நிற்கக்கூடாது என்பதை உடல் தானாக உணர்வதற்கோ நெடுநாள் ஆகும்.

காவலும் சுக்கானும்

கப்பல் இரவும் பகலும் ஓடுகிறது. ஆதலால் பணியாளர் முறைவைத்துக் காவல் புரிகின்றனர். நான்கு மணிநேரக் காவலும் எட்டு மணிநேர இடைவெளியும் கொண்ட முறை பரவலாக உள்ளது. கடலைக் கண்ணாலும் செவியாலும் கூர்ந்து நோக்குதல் காவலரின் கடமை. ரேடார் முதலிய கருவிகள் இருப்பினும் பன்னாட்டு மோதல் தடுப்பு விதிகள் மனிதக் கண்காணிப்பைக் கட்டாயமாக்குகின்றன. சிறிய மீன்பிடிப் படகு ரேடாரில் புலப்படாமற் போகலாம்.

இரவில் விளக்குகளே மொழி. ஒவ்வொரு கப்பலின் வலப்புறத்தில் பச்சை விளக்கும் இடப்புறத்தில் சிவப்பு விளக்கும் எரியும். எதிரே ஒரு கப்பலின் சிவப்பும் பச்சையும் ஒருசேரத் தெரிந்தால் அது நேர்முகமாக வருகிறது என்பது பொருள். பக்கவாட்டில் வரும் கப்பலைக் கணிப்பதற்கும் ஓர் எளிய வழி உண்டு. குறுக்கிடும் இரு சாலைகளில் வரும் இரு மிதிவண்டிகளை எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் பார்வையில் மற்றவர் முன்னோ பின்னோ நகர்ந்துகொண்டிருந்தால் இருவரும் மோதார். ஒரே கோணத்தில் நிலைத்து, நெருங்கி மட்டும் வந்தால் மோதல் உறுதி. கடலிலும் விதி இதுவே.

சுக்கான் பிடிப்பவர் கற்கவேண்டியது, திருப்புவதற்கு முன் திருப்பிச் சொல்லுதல். சுக்கானை வலப்புறம் பத்துப் பாகை திருப்புமாறு அதிகாரி ‘ஸ்டார்போர்டு டென்’ என ஆணையிட்டால், சுக்கான் பிடிப்பவர் அதே சொற்களை உரக்கக் கூறியபின் திருப்புவார். சுக்கான் அந்நிலையை அடைந்ததும் மீண்டும் அறிவிப்பார். ஒரே கப்பலில் பல நாட்டவர் பணியாற்றுகின்றனர், தாய்மொழிகள் வேறு, உச்சரிப்புகள் வேறு. தவறாகக் கேட்ட ஆணை, திருப்பிச் சொல்லும்போதே வெளிப்பட்டுவிடும். ‘புரிந்தது’ எனத் தலையசைப்பதைக் கடல் ஏற்பதில்லை.

தீ

கப்பலில் பணியாளர் பெரிதும் அஞ்சுவது தீயை. எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் கூடினால் தீ. ஒன்றை நீக்கினால் தீ இல்லை. எதனை நீக்குவது என்பது எரியும் பொருளைப் பொறுத்தது. மரம், துணி, தாள் ஆகியவற்றைத் தண்ணீரால் குளிர்விக்கலாம். சமையலறையில் எண்ணெய்ச் சட்டி தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது. எண்ணெயின் அடியில் இறங்கும் நீர் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை அறையெங்கும் வாரியிறைக்கும். அடுப்பை நிறுத்திச் சட்டியை மூடுவதே முறை. மின்கருவியில் தீ எழுந்தால் மின்னிணைப்பைத் துண்டித்து, கரியமில வாயு அல்லது உலர்தூள் தீயணைப்பானைப் பயன்படுத்த வேண்டும்.

தீயைக் கண்டவர் முதலில் செய்யவேண்டியது அணைப்பதன்று, அறிவிப்பது. எச்சரிக்கை மணியை ஒலித்தபின், சிறு தீயாயின் அணைக்க முயலலாம். இல்லையேல் கதவை மூடி வெளியேற வேண்டும். இயந்திர அறையில் தீ பெருகினால் அவ்வறையை முழுவதும் அடைத்துக் கரியமில வாயுவைச் செலுத்துவர். அவ்வாயு தீயை அடக்குவதைப்போல் மூச்சையும் அடக்கும். எனவே, அனைவரும் வெளியே வந்துவிட்டனரா எனத் தலையெண்ணிய பின்னரே அதனைத் திறப்பர். தன் இருப்பை அறிவியாமல் எங்கோ சென்ற ஒருவருக்காக முழுக் கப்பலும் காத்திருக்க நேரும்.

காற்றில்லா அறை

புயலினும் தீயினும் அமைதியானது மற்றோர் இடர். கப்பலின் அடித்தொட்டிகள், நங்கூரச் சங்கிலி அறை, மூடிய சரக்கறை ஆகியவை வெறுமையாகத் தோன்றும். அவற்றில் புகையில்லை; நாற்றமில்லை. ஆயினும் உயிர்வாழத் தேவையான காற்று அங்கு இல்லாதிருக்கலாம்.

காரணம் எளிய வேதியியல். இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனை உட்கொள்கிறது. மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும் எஃகுத் தொட்டியில் துரு மெல்ல மெல்லக் காற்றின் உயிர்ப்பைத் தின்றுவிடும். நிலக்கரி, மரக்கட்டை போன்ற சரக்குகளும் அவ்வாறே செய்யும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 விழுக்காடு. அது மிகவும் குறைந்த இடத்தில் நுழைபவர் மூச்சுத்திணறலைக்கூட உணரார். ஓரிரு மூச்சுகளில் நினைவிழந்து வீழ்வார். அழுகிய பொருள்களிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு இன்னும் வஞ்சகமானது. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும் அவ்வாயு, அளவு மிகும்போது மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் நின்றது, ஆபத்து நீங்கியது என எண்ணுவோர் ஏமாறுவர்.

துயரம் அத்துடன் முடிவதில்லை. உள்ளே வீழ்ந்தவரைக் கண்ட தோழர், அன்பினால் உந்தப்பட்டு உடனே இறங்குகிறார், அவரும் வீழ்கிறார். அவரைக் காக்க மூன்றாமவர் இறங்குகிறார். உலகெங்கும் கப்பல்களில் நிகழும் இத்தகைய விபத்துகளில் காப்பாற்றச் சென்றோரே பலியாவது மீண்டும் மீண்டும் காணப்படும் கொடுமை. நகர்ப்புறங்களில் கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்குவோர் ஒருவர்பின் ஒருவராக மாள்வதும் இதே காரணத்தால்தான். கழிவுநீர்க் குழாய்களிலும் தொட்டிகளிலும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருப்பினும் இறப்புகள் முற்றிலும் நின்றுவிடவில்லை. ஆகவே இவ்வறிவு கடலோடிக்கு மட்டும் உரியதன்று. தொட்டியும் கிணறும் உள்ள ஒவ்வோர் ஊருக்கும் உரியது.

கப்பலில் இதற்கென வகுத்த நடைமுறை வருமாறு: முதலில் அறையைத் திறந்து காற்றோட்டம் செய்தல், பின்பு மேல், நடு, அடி என மூன்று மட்டங்களில் கருவியால் காற்றை அளத்தல், எழுத்து வடிவிலான நுழைவு இசைவு பெறுதல், வாயிலில் ஒருவர் நீங்காது நிற்றல். வாயிலில் நிற்பவரின் கடமையே கடினமானது. உள்ளே இருப்பவர் வீழ்ந்தாலும் அவர் இறங்கக்கூடாது. எச்சரிக்கை ஒலிக்கச் செய்து, மூச்சுக்கருவி அணிந்த மீட்புக் குழுவினர் வரும்வரை அங்கேயே நிற்கவேண்டும். கண்ணெதிரே நண்பர் கிடக்கக் கால்களை அடக்கி நிற்பது கோழைத்தனம் போலத் தோன்றும். உண்மையில், அந்நண்பர் உயிர்பிழைப்பதற்கு எஞ்சியுள்ள ஒரே வழி அதுவே. இம்மனவுறுதி பேச்சால் வருவதன்று. எனவேதான், 2015ஆம் ஆண்டு முதல் இரு மாதங்களுக்கு ஒருமுறை இந்நுழைவு, மீட்பு ஒத்திகை கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

நீரில் வீழ்ந்தாலும் கலம் நீங்கினாலும்

ஒருவர் கடலில் தவறி வீழ்ந்தால், கண்டவர் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்து உரக்கக் கூவவேண்டும். உயிர்காப்பு வளையத்தை வீசவேண்டும். வீழ்ந்தவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் கையால் சுட்டிக்கொண்டே நிற்கவேண்டும். அலைகளிடையே மனிதத் தலை ஒரு தேங்காயளவே தெரியும். ஒரு நொடி பார்வை விலகினாலும் மீண்டும் கண்டறிதல் அரிது. முழுவேகத்தில் செல்லும் பெருங்கப்பல் நிற்பதற்குச் சில கிலோமீட்டர் தொலைவு வேண்டும். சுட்டிய விரலே கப்பலை மீட்டுக் கொண்டுவரும் வழிகாட்டி.

ஏழு குறுகிய ஒலிகளும் ஒரு நீண்ட ஒலியும் பொது ஆபத்தின் அறிகுறி. அதைக் கேட்டதும் ஒவ்வொருவரும் உயிர்காப்பு அங்கி அணிந்து, தமக்குக் குறித்த இடத்தில் கூடவேண்டும். இவ்வொத்திகையின் அருமையை உலகுக்கு உணர்த்தியது 1912ஆம் ஆண்டு மூழ்கிய டைட்டானிக். ஏறத்தாழ 2,200 பேர் சென்ற அக்கப்பலின் படகுகளில் 1,178 பேருக்கே இடம் இருந்தது. இது பலரும் அறிந்த செய்தி. இருந்த இடங்களும் நிரம்பவில்லை என்பது பலர் அறியாதது. 65 பேர் அமரத்தக்க முதற்படகு 28 பேருடன் இறங்கியது. உயிர்பிழைத்தோர் ஏறத்தாழ 700 பேர் மட்டுமே. படகுகள் போதாமையோடு பழக்கம் போதாமையும் அங்கு உயிர்களைக் கொண்டது. அப்பேரிடரின் விளைவாக 1914ஆம் ஆண்டு கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான முதல் பன்னாட்டு உடன்படிக்கை உருவாயிற்று.

நீந்தத் தெரிந்தவர் கடலிலும் தப்பலாம் என எண்ணுதல் பிழை. குளிர்ந்த நீர் உடல்வெப்பத்தை விரைந்து கவரும். நீந்த நீந்த அவ்விழப்பு மிகும். மிதவையோ கரையோ அருகில் இல்லாதபோது, முழங்கால்களை மார்போடு சேர்த்து அசையாமல் மிதப்பதே உயிரைக் காக்கும். தாகம் எடுத்தாலும் கடல்நீரைப் பருகலாகாது. அதிலுள்ள உப்பை வெளியேற்ற உடல் தன்னிடமுள்ள நீரையும் இழக்கும்.

ஓய்வும் உரிமையும்

தன் உரிமையை அறிதலும் கடலோடியின் திறனே. களைத்தவர் காவலர் ஆகார். எனவே, 24 மணிநேரத்தில் குறைந்தது 10 மணிநேரமும், ஏழு நாள்களில் 77 மணிநேரமும் ஓய்வு அளிக்கப்பட வேண்டும் என்பது பன்னாட்டு விதி. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றது. வேலை பெற்றுத் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்குவதை அவ்வுடன்படிக்கை தடைசெய்கிறது.

இதனை அறியாத குடும்பங்கள் நகையை அடகுவைத்தும் கடன்பட்டும் போலி முகவர்களிடம் பணம் இழக்கின்றன. சிலர் அயல்நாட்டில் உரிய ஆவணமின்றித் தவிக்கவும் நேர்கிறது. ஆகவே, பயிற்சி நிலையம் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் ஏற்புப் பெற்றதா, ஆளெடுக்கும் முகவர் அதன் உரிமம் உடையவரா என்பவற்றை முன்னரே உறுதிசெய்ய வேண்டும். அடையாள எண்ணும் மாலுமிக்குரிய பணிச்சான்றேடும் முறைப்படி பெறத்தக்கவை. விலைக்கு வாங்கத்தக்கவை அல்ல. அறிந்தபின் ஆற்றுதல் என்னும் பாடம் கப்பலேறுமுன்னரே, கரையிலேயே தொடங்கிவிடுகிறது.

கற்று முடியாத கல்வி

உயிர்காக்கும் பயிற்சியையும் தீயணைப்புப் பயிற்சியையும் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இருபதாண்டு கடலோடிய கேப்டனும் உயிர்காப்பு அங்கியின் பட்டைகளை மீண்டும் கட்டிக் காட்டுகிறார். அறிந்ததை மீண்டும் செய்தல் வீண் அன்று. ஆபத்து வரும் நேரத்தில் அறிவு மயங்கும், பழக்கம் மயங்காது. ஆவடியிலிருந்தோ அம்பத்தூரிலிருந்தோ புறப்படும் இளைஞர், அலையை எதிர்கொள்ளும் துணிவுடன் அலைக்குமுன் நிதானிக்கும் பழக்கத்தையும் பெற்றிருந்தால், சென்ற கப்பலோடு இல்லம் திரும்புவார். அவரை நம்பி உடன் பயணம் செய்தோரும் திரும்புவர்.

தெரிந்து தெளிவோம்

நீர்மேற் செல்லும் ஊர்திகளுக்குத் தமிழில் பல பெயர்கள் உள்ளன. கலம், நாவாய், வங்கம், தோணி, ஓடம், திமில், அம்பி, புணை, கட்டுமரம், தெப்பம் என்பன அவற்றுட் சில. கப்பலின் முன்பகுதிக்கு அணியம் என்றும், கலத்தைச் செலுத்துபவருக்கு மீகாமன் என்றும் பெயர்.

கற்பவை கற்றபின்

1. போலைன், எட்டு வடிவ முடிச்சு ஆகியவற்றைக் கயிற்றால் இட்டுக் காட்டி, ஒவ்வொன்றும் பயன்படும் இடத்தை வகுப்பறையில் விளக்குக.

2. மூடிய தொட்டியில் ஒருவர் மயங்கி வீழ்ந்ததைக் கண்டால் செய்யவேண்டியவை, செய்யக்கூடாதவை என்னும் தலைப்பில் உங்கள் பகுதி மக்களுக்கான அறிவிப்புப் பலகை ஒன்றை எழுதுக.

3. ஆணையைத் திருப்பிச் சொல்லும் முறை கப்பலைத் தவிர வேறு எந்தெந்தப் பணிகளில் உதவும்? குழுவாகக் கலந்துரையாடுக.